ஓடைக்கு அக்கரையில் சேர்த்த ஊரும் எங்கள் அண்ணனும்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் தங்கையிடம் எதிர்பார்ப்பது நல்ல வார்த்தை நாலு. சொல்வதற்கு எனக்குத் தடையில்லை. ஆனால் அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது அலுப்புத்தான். இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். மூன்றாவதைப் படித்துப் பார்த்த அண்ணி, "நெனவு மலர்ல இதெல்லாமா எழுதுவாக?" என்று கேட்டார். எழுதித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் பிறந்தது கமுதிப் பக்கம் ஒரு கரிசல் ஊரில். எனக்கு ஒன்பது வயது மூத்தவர். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் என் படிப்பும் கல்யாணமும் அவர் தலையில் விழுந்தன. மத்திய அரசில் நில அளவை வேலை கிடைத்து ஹைதராபாத் வந்தவர், அமீர்பேட்டில் ஓர் அறையில் நால்வரோடு தங்கிச் சமைத்துச் சாப்பிட்டார். பிறகு உப்பலில் வீடு பார்த்து அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். அலுவலகப் பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டு வரமாட்டார். முன்கோபம் உண்டு. பிடிவாதம் அதைவிட அதிகம்.

எங்கள் ஊரில் ஓடை என்றால் பாதை. வருடத்தில் பத்து மாதம் தண்ணீர் இருக்காது. அந்த மணலில் நடந்துதான் பள்ளிக்கூடம் போனோம், மாட்டு வண்டியும் அதில்தான் போகும். அண்ணன் வேலையில் ஒரே ஒரு முறை தவறினார். அதற்கு இந்த வளர்ப்பும் ஒரு காரணம்.

மாநில அரசு மாவட்டங்களைப் பிரித்துப் புதிதாக அமைத்தபோது, வடக்கே ஒரு மலை மாவட்டத்துக்கு அவரை அயல்பணியில் அனுப்பினார்கள். கலெக்டர் அலுவலகம் இருக்கிற இடமே அங்கே ஒரு சின்னச் சந்தை ஊர்தான். மற்றதெல்லாம் தேக்கங்காடு, பருத்திக் கொல்லை, மேட்டுக்கு மேடு இருபது முப்பது வீடுகள். பெரும்பாலும் கோண்டுப் பழங்குடி மக்கள். ஓய்வூதியமோ, சாதிச் சான்றோ, ரேஷன் கார்டோ, எதற்கும் நம்மூர் தாலுகா ஆபீஸ் மாதிரியான மண்டல அலுவலகத்துக்கு நடந்து இறங்க வேண்டும். ஒவ்வோர் ஊருக்கும் எந்த மண்டலம் பக்கம் என்று நடந்து பார்த்து எழுதிக் கொடுப்பது அண்ணன் வேலை.

அவர் போனது சித்திரை மாதம். ஒரு மேட்டு ஊரில் எல்லோரும் இலுப்பைப் பூ பொறுக்கக் காட்டுக்குப் போயிருந்தார்கள். விசாரிக்க ஆளில்லை. மறுநாள் வருவோம் என்று தோன்றவில்லை, பட்டியலில் இன்னும் பல ஊர்கள் இருந்தன. ஊருக்குக் கீழே ஓடை காய்ந்து கிடந்தது. அதைத் தாண்டினால் ஒரு மணி நேர நடையில் ஒரு மண்டல அலுவலகம். பழைய அலுவலகம் அரை நாள் தூரம். அக்கரை மண்டலத்தோடு சேர்க்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்படியே ஆணையும் வந்துவிட்டது.

மழை தொடங்கினால் அந்த ஓடையில் நாலு மாதம் கால் வைக்க முடியாது. சுற்றிக்கொண்டு போக முழு நாள் ஆகும். இரண்டாவது மழைக்காலத்தில் அந்த ஊரில் லச்சுபாய் என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. புது மண்டலத்து ஆம்புலன்ஸ் அக்கரையில் நின்றது. பழைய மண்டலத்தில், உங்கள் ஊர் எங்கள் எல்லையில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கட்டிலில் வைத்துச் சுற்று வழியே தூக்கிக்கொண்டு போனார்கள். குழந்தை தங்கவில்லை. மறு கோடையில் வேறு வேலையாக அங்கே போன அண்ணனுக்கு டீ கொடுத்துவிட்டு, லச்சுபாயே இதைச் சொல்லியிருக்கிறார். யார் எழுதியதால் ஊர் மாறியது என்று அவருக்குத் தெரியாது.

அன்றிலிருந்து, அந்த ஊரைப் பழைய மண்டலத்துக்கே மாற்றக் கேட்டு மனு. ஓய்வு பெற்ற பிறகும் மனு. அண்ணிக்கு முழங்கால் வலி என்பதால் துணைக்கு நான். பஸ், ஷேர் ஆட்டோ, பிறகு ஏற்றம். போன இடத்திலெல்லாம் "பரிசீலனையில் இருக்கிறது" என்ற ஒரே பதில். அந்த ஊர்க்காரர்கள் அவரை "மஞ்சி சாரு", நல்ல ஐயா, என்பார்கள். வரும்போது ஒரு பை அவரைக்கொட்டை கொடுத்தனுப்புவார்கள். அண்ணன் அதைத் தொடமாட்டார், என்னிடம் தந்துவிடுவார். நான் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். இவருக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று வாய்விட்டே திட்டியிருக்கிறேன்.

சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆன பிறகுதான் சொன்னார். ஊசி குத்திய கையை அசைக்காமல் படுத்திருந்தார்.

"ஏத்தா, அந்த ஊர அக்கரையில சேத்தது நாந்தான்."

எனக்குப் புரியச் சிறிது நேரமாயிற்று. "அவுகட்டச் சொல்லிட்டீகளாண்ணே?"

"எப்புடிச் சொல்ல? போறப்பல்லாம் சொல்லணும்னுதான் போவேன். அந்தப் புள்ள டீயக் கொண்டாந்து நீட்டும். வாய் வராது."

"அப்ப இதுக்குத்தான் என்னய இழுத்துக்கிட்டு அலைஞ்சீகளா?"

"ஆமா. தனியாப் போகப் பயமா இருந்துச்சு."

நான் சண்டை போட்டேன். படுத்திருக்கிற மனிதரோடு சண்டை போட்டேன். அது இன்னும் என்னைச் சுடுகிறது. அடுத்த மூன்றாம் வாரம் அண்ணன் போய்விட்டார்.

ஊர் இன்னும் அக்கரை மண்டலத்தில்தான் இருக்கிறது. மனுதாரர் இறந்ததால் கோப்பை முடித்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அண்ணன் மகள் காவ்யா அதைப் படித்துவிட்டு, "அத்தை, இனி நேனு சூஸ்குண்டா, நான் பாத்துக்கறேன், நீங்க அலையாதீங்க" என்றாள். தன் பெயரில் புது மனு கொடுத்திருக்கிறாள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். வாரம் மூன்று நாள் தம் காரில் ஏற்றிப் போன எதிர்வீட்டுக்காரர், கடைசி வரை முகம் சுளிக்காத டயாலிசிஸ் நர்சுகள், ஊரிலிருந்து ரயிலேறி ஓடி வந்த சொந்தங்கள், அண்ணனின் கோபத்தையும் மௌனத்தையும் சேர்த்தே சுமந்த அண்ணி. எல்லோருக்கும் எங்கள் வணக்கம்.

நினைவு நாளுக்கு லச்சுபாயும் அவர் கணவரும் வருவதாகப் போனில் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. பந்திக்கு முன்பாக அவர்களைத் தனியே உட்கார வைத்து, இனி வரும் வரிகளைக் காவ்யா தெலுங்கில் சொல்லுவாள்.

அம்மா லச்சுபாய், உங்கள் ஊரை ஓடைக்கு அக்கரையில் சேர்க்க எழுதிக் கொடுத்தவர் எங்கள் அண்ணன். அன்று தெரியாமல் செய்தார். தெரிந்த பிறகு, இருந்தவரை உங்களிடம் சொல்லாமல் இருந்தார். அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் எழுந்து போனாலும் எங்களுக்கு வருத்தமில்லை. உங்கள் இருவருக்கும் இலை போட்டு வைத்திருப்போம். இருப்பதா போவதா என்று நீங்கள் ஒரு முடிவு சொல்லும் வரை வீட்டில் யாரும் பந்தியில் உட்காரமாட்டோம்.