நாகு அண்ணனும் பழைய வெர்ஷனும்

நாகு அண்ணன் இறந்துவிட்டாராம். வாடிப்பட்டியில், மகள் வீட்டில்... காலையில் பழைய கூட்டாளி ஒருவன் போன் பண்ணிச் சொன்னான்.

கே.கே. நகரில் ப்ரௌசிங் சென்டர் வைத்திருந்தாரே, அவர்தான். அங்கே கேம் விளையாடியவர்கள் எல்லாம் ஃபேஸ்புக்கில் என்னை டேக் செய்து "தங்கமான மனுஷன்" என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

எழுதட்டும். எனக்கு அந்த ஆள் மேல் கோபம் தீரவில்லை. செத்த சேதி கேட்டாலாவது தீரும் என்று பார்த்தேன்... இல்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள், நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். அவர் கடையில் எல்லா கம்ப்யூட்டரையும் இணைத்து ஒரு டாங்கிச் சண்டை கேம் ஓடும். யார் அதிகம் ஜெயித்தது என்று கேமே ரேங்க் போட்டுக் காட்டும்.

முதல் ரேங்க் எப்போதும் நாகு. கடை ஓனரே கூட்டம் இல்லாத நேரமெல்லாம் உட்கார்ந்து விளையாடினால் வேறு யார் வர முடியும்?

கல்லாவுக்கு மேலே ஒரு கரும்பலகை. அதில் "முதலிடம்: நாகு". "எவனாச்சும் என்னையத் தாண்டுனா அவன் பேரை நானே என் கையால எழுதுறேன்டா" என்பார்.

எவனாச்சும்! அங்கே விளையாட வந்த ஒரே பெண் நான். பையன்கள் எல்லாம் இஷ்டத்துக்குப் பட்டப்பெயர் வைத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அவரே "பாப்பா" என்று டைப் செய்துவிட்டு, "பொம்பளப் பிள்ளைக்கு இது போதும்" என்றார்.

ஒரு நல்லதும் சொல்லிவிடுகிறேன். கரண்ட் போனால் யுபிஎஸ்ஸில் அவர் மெஷினையும் என் மெஷினையும் மட்டும் ஓட விடுவார். "அவசரமில்ல தாயி, ஆட்டத்த முடி" என்பார். அதற்காக மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அப்போதுதான் அந்த கேமின் புது வெர்ஷனுக்கு பீட்டா டெஸ்டர் எடுத்தார்கள். அதாவது, முழுதாக முடியாத கேமை முன்கூட்டியே விளையாடிப் பார்த்துக் குறை சொல்லும் ஆட்கள். மெயில் போட்டேன்... கிடைத்துவிட்டது! கூடவே ஒரு எச்சரிக்கை. பீட்டாவைத் தனி ஃபோல்டரில் போடவும், பழையதன் மேல் போட்டால் பழைய ரேங்க் எல்லாம் அழிந்துவிடும்.

கடையில் ஏற்றச் சொல்லி பீட்டாவை அவரிடம் கொடுத்தபோதே படித்துப் படித்துச் சொன்னேன். "அண்ணே, பழைய ஃபோல்டர் அப்படியே இருக்கட்டும். பீட்டாவ வேற ஃபோல்டர்ல போடுங்க."

"எனக்கே சொல்லித் தாரியா? போ, போ... காலைல வந்து பாரு."

அன்று சாயங்காலம்தான் நான் அவரைத் தாண்டியிருந்தேன். ஸ்க்ரீனில் பாப்பா மேலே, நாகு கீழே. கடையே கத்தியது. அவர் மட்டும் சாக்பீஸைத் தேடினார், தேடினார், தேடிக்கொண்டே இருந்தார்... கிடைக்கவில்லையாம். "நாளைக்கு எழுதுறேன்."

எனக்கு என்னவோ உறுத்தியது. கிளம்பும் முன் பழைய ஃபோல்டரை ஒரு சிடியில் ஏற்றிக்கொண்டேன்.

மறுநாள் போனால், பீட்டா பழையதன் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. எல்லோருக்கும் பூஜ்யம். பலகையில் மட்டும் "முதலிடம்: நாகு".

"தெரியாம ஓகே அமுக்கிட்டேன் பாப்பா. விடு, எல்லாரும் புதுசா ஆரம்பிப்போம்."

சிடியை நீட்டினேன். "பழசு இதுல இருக்குண்ணே. போடுங்க."

தொடக்கூட இல்லை. "வெளி சிடியெல்லாம் நம்ம கடையில போடக் கூடாது. வைரஸ் வரும்."

பையன்கள் சிரித்தார்கள்.

எதிரில் ஜெராக்ஸ் கடை. அந்த அக்கா நாலு கம்ப்யூட்டர் வைத்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். நேராக ரோட்டைத் தாண்டிப் போய் சிடியைக் கொடுத்தேன். "தாராளமா போடு" என்றார். மறுபேச்சு இல்லை.

அங்கே நாகு கடையில் பீட்டா நிமிஷத்துக்கு நிமிஷம் ஹேங் ஆனது. நான் யாரையும் கூப்பிடவில்லை. "பழைய வெர்ஷன் இங்கே உண்டு" என்று கொட்டை எழுத்தில் எழுதி, அவர் கல்லாவிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஒட்டினேன். அவ்வளவுதான்.

கொஞ்சம் கொஞ்சமாக மொத்தக் கூட்டமும் ரோட்டைத் தாண்டியது. சிரித்த பையன்களும்தான்.

ஒரு நாள் மத்தியான வெயிலில் அவரே வந்து வாசலில் நின்றார். "அம்புட்டுப் பேரும் இங்கதான் இருக்கீகளா..." அப்புறம் என்னைப் பார்த்து, "ஒரே ஒரு ஆட்டம் போடுவமா பாப்பா? பழசுல."

கம்ப்யூட்டர் ஒன்று காலியாகத்தான் இருந்தது.

"வெளியாள் உள்ள வந்தா வைரஸ் வரும்ணே" என்றேன்.

கடையே சிரித்தது. அவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அக்காவிடம் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பதிலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் இனிக்கிறது.

அந்த ஃபோல்டர் இன்னும் என்னிடம் இருக்கிறது. எத்தனை கம்ப்யூட்டர் மாற்றினாலும் முதலில் காப்பி செய்வது அதைத்தான், கல்யாண போட்டோ எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஃபோல்டரின் பெயர் "நாகு ஒழிக".

இன்று காலை அதைத் திறந்தபோது வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "மனுஷன் போயே போயிட்டாரு. இன்னுமா இந்தப் பேரு? மாத்திரு."

ரைட் கிளிக் வரைக்கும் போனேன்...

மாற்றவில்லை. கேமைத் திறந்து ரேங்க்கைப் பார்த்தேன். ஒன்று, பாப்பா. இரண்டு, நாகு. கீழேயே "விளையாடலாமா?" என்று கேட்டது. எதிராளி பெயர் கேட்கும் இடத்தில் அவர் பெயரை டைப் செய்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

யாரும் வரவில்லை.

போயிட்டு வாங்கண்ணே. நீங்க ரெண்டாவதுதான்.