பல் பதிந்த பைனாகுலர்

அருப்புக்கோட்டையில் ஓடுகிற தறிப்பட்டறை நான் போட்டது. பாளையம்பட்டியில் மாடி வீடும் அதன் கீழே கடையும் நான் கட்டியவை. எம்.ரெட்டியபட்டியில் கூலிக்குப் பருத்தி எடுத்த அதே புஞ்சையைப் பிற்பாடு விலைக்கு வாங்கியவனும் நான்தான். படிப்பு மூணாம் வகுப்போடு சரி. இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் நான் ஆக்கியதிலேயே பெரியதுக்குச் சுவரே கிடையாது. திருச்சுழி போகிற வழியில் கல்லும் புல்லுமாய்க் கிடக்கும் கரட்டுக்காடு அது. அங்கே இன்றைக்கும் காலையில் கவுதாரி கத்துகிறதென்றால் அது என்னால். சாட்சி வேண்டுமென்றால் என் தலைமாட்டில் கிடக்கும் பைனாகுலரைப் பாருங்கள். ஒரு கண்ணாடி விரிசல் விட்டிருக்கும். விளிம்பு ரப்பரில் பல் பதிந்த தடம் இருக்கும். அந்தப் பல் என் மச்சானுடையது; மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் மூத்த அண்ணன்.

மச்சானைப் போல் கவுதாரி பிடிக்க அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. பழக்கிய சேவல் கவுதாரி ஒன்றைக் கூட்டில் வைத்து, சுற்றிலும் கண்ணி நட்டுவிட்டு, புதருக்குள் உட்கார்ந்துகொள்வார். உள்ளே இருப்பது கத்தும். 'என் இடத்தில் எவன்டா கத்துறவன்?' என்று காட்டுச் சேவல் சண்டைக்குப் பாய்ந்து வரும், கண்ணியில் விழும். அதன் கோபம்தான் அதற்கு எமன். கூட்டுக்குள் இருந்து கூப்பிடுகிற அந்தப் பறவைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் 'பார்வை'. இந்த ஒரு சொல்தான் எங்கள் இருவரையும் ரத்தம் பார்க்க வைத்தது.

நான் அப்போது பறவை பார்க்கத் தொடங்கியிருந்தேன். தறிச் சத்தத்தில் பாதிக் காது போனவனுக்கு அந்தக் காட்டில்தான் மீதிக் காது வேலை செய்தது. கால்விரல் ஒன்று இல்லாத ஒரு சேவல் கவுதாரியைக் கோடை முழுவதும் தொடர்ந்து பார்த்து வந்தேன். அதன் பெட்டையையும் குஞ்சுகளையும் எனக்குத் தெரியும். நான் நடையாய் நடந்து கேட்டதால் வனத்துறைக்காரர்கள் ஒரு போர்டு வைத்தார்கள்: 'இங்கு பறவைப் பார்வைக்கு மட்டும் அனுமதி.' மச்சானுக்கு வாசிக்கத் தெரியாது. யாரோ வாசித்துச் சொல்லியிருக்கிறார்கள். மனுசன் வெள்ளை வேட்டி கட்டி, ஷேர் ஆட்டோவில் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு, கோயிலுக்குப் போகிறவரைப் போலப் பட்டப்பகலில் வந்து இறங்கிவிட்டார்.

நான் போய்ப் பார்க்கையில் விரலில்லாத சேவல் கண்ணியில் கிடந்தது, கூட்டை ஒட்டியே. உள்ளே இருந்த பார்வை கம்பிக்கு நடுவே அலகை நீட்டி அதன் கண்ணைக் கொத்திக்கொண்டிருந்தது. ஒரு கண் போய்விட்டது. மற்றதும் என் கண்முன்னாலேயே போனது. இறக்கை மண்ணில் அடிக்க அடிக்கப் புழுதி சிவப்பாய்க் கிளம்பியது.

கூட்டை ஒரே மிதி மிதித்தேன்.

"ஏலே மாப்ள! கவர்மெண்டே பார்வை வைக்கச் சொல்லி போர்டு போட்டுருக்கு, நீ யார்ரா மிதிக்க?" என்று புதரிலிருந்து அரிவாளோடு வந்தார். புதர் வெட்டுகிற அரிவாள். ஓங்கியதைக் கையால் தடுத்தேன். முழங்கைக்குக் கீழே எலும்பு தெரிந்தது. கழுத்தில் தொங்கிய பைனாகுலரால் அவர் வாயில் இறக்கினேன். இரண்டு முன்பல் கழன்று விழுந்தன. அடித்தது தப்பென்று அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை.

சத்தம் கேட்டு வந்த வனக்காவலர்கள் மிச்சத்தைச் செய்தார்கள். விழுந்து கிடந்த மனுசனைக் கணுக்காலில் தடியால் அடித்து ஜீப்பில் ஏற்றினார்கள். ஆபீசில் ரேஞ்சர் என்னிடம், "ஒளிஞ்சு வந்து புடிச்சார்னு சொல்லுங்க. உள்ள தள்ளிடுவோம்" என்றார். மச்சான் துண்டில் ரத்தத்தைத் துப்பிக்கொண்டு என்னையே பார்த்தார். என் வாயில்தான் அவர் ஜெயில் இருந்தது.

"ஒளிஞ்சு வரலய்யா, ஆட்டோல வந்தாரு. பார்வைன்னா எங்க ஊர்ல என்னன்னு கேட்டுட்டுல்ல போர்டு எழுதணும்? அனுமதி குடுத்தது நீங்க" என்றேன். ரேஞ்சர் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் கைக்குத் தையல் போட்டுத் திரும்புகிற பஸ்ஸில் மச்சான், "பல்லு எங்கன்னு உம் பொண்டாட்டி கேட்டா என்னலே சொல்ல?" என்றார்.

"பஸ்ஸு பிரேக் அடிச்சுச்சுன்னு சொல்லுங்க மச்சான்."

"உன் கை?"

"அதே பஸ்ஸுதான்."

அதோடு அவர் கண்ணி வைக்கவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் வேறொரு சொல் காட்டுக்கு வந்தது: 'தரிசு'. தரிசில் மரம் நடுகிறோம் என்று அதே வனத்துறைக்காரர்கள் குழி தோண்ட இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். புல்லில்தான் கவுதாரி குடியிருக்கும், வெறும் கல்லில்தான் ஆள்காட்டிக் குருவி முட்டையிடும். மரத்துக்கு அங்கே என்ன வேலை? கூடு வைத்தவனைத் தடியால் அடிக்கும் சட்டம், காட்டையே புரட்டுகிறவனுக்கு மாலை போடும். ஆள்காட்டியின் முட்டைகள் சக்கரத்தில் கூழாவதைப் பார்த்ததும் நான் இயந்திரத்தின் மண்ணள்ளும் வாளிக்கு முன்னால் போய் நின்றேன். டிரைவர் மண்ணை முழங்கால் வரை தள்ளினான். நான் நகரவில்லை. பின்னாலிருந்து வந்த கல் இயந்திரத்தின் கண்ணாடியை நொறுக்கியது. எறிந்தது பொக்கைவாய் மச்சான். கண்ணாடிக்கு நான் தண்டம் கட்டினேன். இயந்திரம் திரும்பிப் போனது, பிறகு வரவில்லை.

மச்சான் போன பங்குனியில் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது காட்டு முகப்பில் புதுப் போர்டு வந்திருக்கிறது. 'பறவைகளைப் பார்க்க மட்டும்' என்று சரியாக எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொல்லை மாற்ற வைத்தது யார்? கீழே, காட்டைக் காத்தவர்கள் என்று வரிசையாகப் பெயர்கள். அதிலே பாதிப் பேர் ஜீப்பை விட்டு இறங்காதவர்கள். என் பெயர் இல்லை. மச்சானுக்கு என் பைனாகுலரில் இடம் கொடுத்துவிட்டேன். எனக்குப் போர்டில் வேண்டும். இடமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். உடையாத கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டேன்; அடியில் ஒரு வரி எழுத இடம் கிடக்கிறது.