உலைக்கு ஒரு மணி, ஆராதனைக்கு ஒரு மணி

கம்பியால் தண்டவாளத்தை மூன்று தடவை அடித்துவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் மூன்று தடவை அடிக்கிறார் ரத்னா. வட்டகொடைக்கு மேலே தேயிலைக்கு நடுவில் இருக்கும் அந்தச் சிறிய தேவாலயத்தின் பழைய மணி வெடித்துப் பல வருடங்களாகிவிட்டன. முற்றத்து மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டுதான் இப்போது மணி. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்கு அந்த ஓசை கேட்டதும் கீழே தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் பலர் சோற்றுக்கு உலை வைக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள்.

ரத்னா கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பேசும்போது அவருடைய பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே எதையோ கிள்ளிக்கொண்டிருக்கும். ஆராதனைக்குப் பிந்தி வருகிறவர்களை அவர் திட்டியதில்லை. "வாங்க, ஒங்களுக்காகத்தான் பாட்டு மெதுவா போகுது" என்பார்.

பாட்டு மெதுவாகப் போனதற்கு வேறு காரணமும் இருந்தது. பாடியவர்கள் எல்லாரும் வயதானவர்கள். பிள்ளைகள் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். ஊரில் இருப்பவர்களுக்கும் ஞாயிறு காலையில் எங்காவது வேலை இருக்கிறது. போதகர் தர்ஷன் கொட்டகலையில் இருந்துகொண்டு இந்தத் தேவாலயத்தையும் பார்த்துக்கொள்ளும் இளைஞர். ஆராதனையை மாலை ஐந்துக்கு மாற்றலாமா என்று ஒருநாள் கேட்டார். இப்படியே ஆள் குறைந்தால் இதைப் பூட்டிவிடுவார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. எல்லாரும் "சரிங்க ஐயா" என்றார்கள்.

அடுத்த ஞாயிறு காலை ஒன்பதுக்குத் தண்டவாளம் ஒலித்தது. போதகரைத் தவிர எல்லாரும் வந்திருந்தார்கள். ரத்னாவே ஜெபம் செய்து அனுப்பிவைத்தார். மாலையில் போதகர் வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது கதவு பூட்டியிருந்தது.

அவர் கோபப்படவில்லை. ரத்னாவின் வீட்டுக்கு இறங்கிப்போய், பால் சேர்க்காத பிளேன்டி குடித்தபடி, ஏன் என்று மட்டும் கேட்டார்.

"வேல செஞ்ச காலத்துல ஆறு நாளும் தோட்டத்துச் சங்கு ஊதுனா நாங்க பெரட்டுக்கு ஓடிப்போயி, பேர் குடுக்க வரிசையில நிப்போம், ஐயா. ஞாயித்துக்கெழம காலையில மட்டுந்தான் எங்க மணிய நாங்களே அடிச்சு, நல்ல சேலையா பாத்துக் கட்டிக்கிட்டு, யாரும் வெரட்டாம நடந்து போவோம். அத எப்படிங்க சாயங்காலத்துக்குத் தள்ளுறது?"

போதகர் பிளேன்டியைக் குடித்து முடித்துவிட்டுக் கொட்டகலைக்குத் திரும்பினார். ஒன்பது மணியே தொடர்ந்தது.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை, மறந்துவிட்டு வந்த குடையை எடுக்க ரத்னா மேலே ஏறினார். பூட்டிய கதவுக்கு முன்னால் படியில், முன்பு ஆராதனைக்கு வந்துகொண்டிருந்த நிஷாந்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் அவளுடைய சின்ன மகள். இருவரும் தணிந்த குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள். நிஷாந்தி நானுஓயாவில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை துப்புரவு செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமையில்தான் அங்கே வேலை அதிகம். அவள் வேறு சபைக்குப் போய்விட்டாள் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

"ஏம்மா, என்கிட்ட சாவி கேட்டிருக்கலாமே."

"என் ஒருத்திக்காகத் தொறக்கச் சொல்லவா, பெரியம்மா? படி இருக்குதானே. பிள்ளைக்குப் பாட்டு மறக்கக் கூடாது, அவ்வளவுதான்."

ரத்னா கதவைத் திறந்தார். மூன்று பேருமாக உள்ளே உட்கார்ந்து இன்னொரு தடவை பாடினார்கள். குடை நினைவுக்கு வரவேயில்லை. நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் பஸ் ஏறிக் கொட்டகலைக்குப் போய், "அஞ்சு மணிக்கே வைங்க ஐயா, மத்தவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். 'சரி' என்ற சொல்லின் பெறுமதி அவருக்குத் தெரியும். வீடு வீடாகப் போய் ஒரே பேச்சுத்தான் பேசினார்: "வாயால சரின்னு சொல்லாதீங்க. காலால வாங்க."

முதல் மாலை மணி ஒலித்ததும், அடுத்த லயத்துச் செல்லசாமி தோளில் துண்டோடு மூச்சிரைக்க ஓடி வந்தார். நேரமில்லாத நேரத்தில் அந்த மணி அடித்தால் அது சாவுக்குத்தான்.

"ரத்னாக்கா, யாரு தவறிட்டாங்க?"

"யாரும் தவறல தம்பி. இனிமே எங்களுக்குச் சாயங்காலந்தான் ஆராதனை."

செல்லசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நாங்க எப்ப ஒல வைக்கிறது?"

ரத்னா சிரித்துவிட்டார். "காலையிலயும் அடிக்கிறேன், போங்க." சொன்னபடியே இன்றும் ஒன்பதுக்கு ஏறிப்போய் அடித்துவிட்டுத்தான் இறங்குகிறார். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருப்பது முகத்திலேயே தெரிகிறது.

அந்த முதல் மாலையில் தேவாலயம் நிரம்பிவிடவில்லை. பழைய ஆட்கள் வந்தார்கள். நிஷாந்தி வந்தாள். வேலை முடிந்து வந்த இன்னும் சிலர், உடுப்பு மாற்றாமலே பின்பக்கம் நின்றார்கள். சன்னல் வழியே பனிமூட்டம் உள்ளே வந்தது. பாவ அறிக்கை நேரத்தில் எல்லாரும் முழங்காலிட்டார்கள், ரத்னாவைத் தவிர. போதகர் ஒருகணம் நிமிர்ந்து பார்த்தார். ரத்னாவின் மடியில் தலைவைத்து நிஷாந்தியின் மகள் உறங்கிப்போயிருந்தாள். ரத்னா நல்ல சேலையின் முந்தானையை மெல்ல இழுத்து, பிள்ளையின் சேறு படிந்த கால்களைப் போர்த்தினார்.