கைக்குட்டையில் கொண்டுவந்தது

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உறையூர் பஸ்ஸுக்கு நின்றபோது சின்னவள் கேட்டாள்: "எல்லாரும் நன்மை வாங்கப் போறாங்க, நீங்க மட்டும் ஏம்ப்பா கடைசி பெஞ்சுலயே உக்காந்திருக்கீங்க?" பெரியவள் அவள் கையைக் கிள்ளினாள். நான், "முட்டி வலிம்மா" என்றேன்.

அது பொய். நேரில் சொல்ல வாய் வரவில்லை. பத்தாவது வரைதான் படித்தேன் என்றாலும், எழுதினால் நிதானமாகச் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. இரண்டு பேரும் படியுங்கள்.

உங்கள் அம்மா பிறவியிலேயே கத்தோலிக்கப் பெண். நான் ஸ்ரீரங்கத்துக்காரன். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது என்று கல்யாணத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டேன். என்னை மாறச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் ஞாயிறு காலையில் உங்களுக்குத் தலை வாரிவிட்டுக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்ப்பாள். நான் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருப்பேன். பதினாறு வருடம் அப்படிப் பார்த்தாள். பதினாறு வருடமும் நான் கரி அள்ளினேன்.

பிறகு அவள் வயிற்றில் கட்டி வந்தது. பெரிய டாக்டர் எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். மறுநாளே பங்குச் சாமியாரிடம் போய், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? நான் சேர்ந்தால் அவள் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முடி இறக்குவதாக வேண்டிக்கொள்வோமே, அப்படி.

ஈஸ்டருக்கு ஞானஸ்நானம், அதுவரை வாராவாரம் பாடம் என்று சொல்லி, அவர் என்னை உபதேசியாரிடம் அனுப்பினார். கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் பெரியவர் அவர். முதல் நாளே அவரிடம் கேட்டேன்: "பெருமாள் கோவிச்சுக்குவாரா, ஐயா?"

"உங்க பெருமாள்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க மொதல்ல அருள் நிறைந்த மந்திரத்தைத் தப்பில்லாமச் சொல்லுங்க" என்றார்.

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் உங்கள் அத்தைக்கு விஷயம் எட்டியது. நேரில் வந்து நின்று கேட்டாள்: "சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பஸ் மாறுற மாதிரி சாமி மாறப் போறியாக்கும்? எந்தப் பஸ்ல ஏறினாலும் நீ நின்னுக்கிட்டுதான்டா போவ." அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது வருவதில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிறு உங்கள் அம்மாவால் எழுந்திருக்கவே முடியவில்லை. உங்களை அத்தை வீட்டில் விட்டிருந்தேன்; நான் மட்டும் பூசைக்குப் போனேன். சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க வரிசை நகர்ந்தபோது ஒரு எண்ணம் வந்தது. சின்ன வயதில், வீட்டில் யாராவது படுத்திருந்தால் கோயிலுக்குப் போனவர்கள் துளசியையோ ஒரு கை பொங்கலையோ கொண்டுவந்து கொடுப்பார்கள். வராதவர்களுக்கும் பங்கு உண்டு. அவளுக்கு இன்று யார் கொண்டுபோவார்கள்? எழுந்து வரிசையில் நின்றுவிட்டேன். முன்னால் நின்றவர் செய்வதைப் பார்த்துக் கையை நீட்டினேன். ஞானஸ்நானம் வாங்காத நான் நன்மை வாங்கக்கூடாது; புதிதாக வந்திருந்த சின்னச் சாமியாருக்கு என்னைத் தெரியாது. வெள்ளை அப்பத்தை உள்ளங்கையில் வைத்தார். நான் வாயில் போடவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு, நானே தேய்த்த கைக்குட்டையில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து, "இந்தாம்மா, உனக்குத்தான்" என்று பிரித்துக் காட்டினேன்.

தலையைத் தூக்க முடியாமல் கிடந்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "ஐயோ, என்னங்க இது! சட்டைப் பையிலயா? பஸ்லயா கொண்டாந்தீங்க?"

மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னாள். முக்காடு போட்டுக்கொண்டாள். ஏதோ முணுமுணுத்துவிட்டு அதை எடுத்து வாயில் வைத்தாள். கைக்குட்டையில் ஒட்டியிருந்த துகளை விரலில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். பிறகு கைக்குட்டையைத் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றச் சொன்னாள். யார் காலும் படக்கூடாதாம். நான் ஊற்றிவிட்டு வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சக்கரைப் பொங்கல்னு நெனச்சுட்டீங்களா?" என்றாள். சிரித்ததில் வலி வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

வலி அடங்கியதும் கேட்டாள்: "அது யாருன்னு தெரியுமாங்க?"

பாடத்தில் சொல்லியிருந்தார்கள். அந்த அப்பம் இயேசுவேதான் என்ற விடை எனக்கு மனப்பாடம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. "உனக்குப் புடிக்குமேன்னு கொண்டாந்தேன்" என்றேன்.

முக்காட்டை இறக்கிக்கொண்டாள். "அப்ப வேணாங்க. எனக்காகச் சேராதீங்க" என்றாள். பதினாறு வருடம் திரும்பிப் பார்த்தவள் சொன்ன வார்த்தை அது. பத்து நாளில் போய்விட்டாள்.

உபதேசியாரிடம் கைக்குட்டை விஷயத்தைச் சொன்னேன். திட்டவில்லை. "கேட்டிருந்தா சாமியாரே வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்திருப்பாங்களே" என்று மட்டும் சொன்னார். அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவளும் என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று கேட்காமலே இருந்திருக்கிறாள்.

இருந்தாலும் பாடத்தை நிறுத்தவில்லை. அவள் போன இடத்துக்கு இந்த வழியாகத்தான் போக வேண்டுமென்றால் போவோம் என்று நினைத்தேன். ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஒத்திகை. ஞானஸ்நானத்தன்று சாமியார் முதலில், திருச்சபையிடம் என்ன கேட்கிறாய் என்று கேட்பார். விசுவாசம் என்று நான் சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. உபதேசியார் சாமியார் இடத்தில் நின்று கேட்டார். நான் நின்றேன்.

"சும்மா சொல்லுங்க, ஒத்திகைதானே" என்றார்.

"நான் கேக்க வந்தது அவ உயிரைங்க, ஐயா. வேற ஒண்ணும் கேக்க வரல" என்றேன்.

அவர் புத்தகத்தை மூடிவிட்டு என் தோளில் கை வைத்தார். "சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க போயிட்டு வாங்க." மூன்று வருடம் ஆகிறது; இன்னும் ஞானஸ்நானம் வாங்கவில்லை.

நடுவில் ஸ்ரீரங்கத்துக்கும் ஒருநாள் போய்ப் பார்த்தேன். சேவித்துவிட்டுத் துளசி வாங்கினேன். வழக்கம்போலச் சட்டைப் பையில் வைத்தேன். யாருக்கென்று கொண்டுபோவது? மறந்துபோய், மறுநாள் அந்தச் சட்டையைத் தேய்க்கும்போது துளசி பையோடு கருகி ஒட்டிக்கொண்டது. கறை போகவில்லை. அங்கும் அதன் பிறகு போகவில்லை.

உங்களைப் பூசைக்குக் கூட்டிப்போவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் வருகிறேன். என்றைக்காவது உள்ளே ஏதாவது அசையும் என்று முதல் வருடம் எதிர்பார்த்தேன். பாட்டு நன்றாக இருக்கிறது. மற்றபடி ஒன்றுமில்லை.

வரிசை எழும்போது நீங்கள் இருவரும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. முழங்காலை ஒடுக்கி வழிவிடுகிறேன். என்னால் ஆனது அவ்வளவுதான். முட்டியில் எனக்கு வலி ஒன்றும் இல்லை.