எம்புள்ள வாங்குன நாப்பத்தொண்ணு

பட்டாளத்துக்குப் போறவளுக்கு பி.ஏ. எதுக்குன்னு என்னைக் கேக்காத ஆளு எங்கூரு எருமப்பட்டியில இல்லீங்க. பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிச்சுப் போச்சு. எம்மக அபிநயா சேந்துருக்கறது ஆபீசராக்குற அகாடமி. மூணு வருசம் ஓட்டம், துப்பாக்கி, நீச்சல். கூடவே காலேஜ் படிப்பும் உண்டு. அவ வரலாறு எடுத்துருக்கா. இப்ப வெளங்குச்சுங்களா?

நான் செங்கோடன். நாமக்கல்லுல லாரிக்கு பாடி கட்டுற பட்டறையில வெல்டரு. கோவக்காரன்னு பேரு. பொய்யில்லீங்க.

அவளை ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல போட்டேன். அங்க படிப்புன்னா மனப்பாடம். புஸ்தகத்துல கமா எங்க இருக்குதோ, பரிச்சைப் பேப்பர்லயும் அங்கயே இருக்கோணும். லீவுக்கு ஊட்டுக்கு வந்தா நானும் புஸ்தகத்தைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு ஒப்பிக்கச் சொல்லுவேன். ஒரு வார்த்தை தப்புனா மறுக்கா மொதல்ல இருந்து. "புள்ள சோறு திங்கட்டும், உடுங்க"ம்பா எம்பொண்டாட்டி சாரதாமணி. உடமாட்டேன்.

அகாடமியிலயும் அதே பழக்கம். கண்ணு சொக்குனா எந்திரிச்சு நின்னுக்கிட்டுப் படிச்சிருக்கா. ரெண்டாவது டெர்ம் பரிச்சையில மூணு பக்கம் அச்சு அசலா எழுதிப்போட்டா. திருத்துன வரலாறு மேடம் புஸ்தகத்தையும் பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு, காப்பியடிச்சிருக்கான்னு மேலிடத்துக்கு எழுதிட்டாங்க.

அட கெரகமே! அது நெசம்னு ஆயிருச்சுன்னா பொட்டியக் கட்டி ஊருக்கு அனுப்பிருவாங்களாம். ஞாயித்துக்கெழமை போன்ல, "அப்பா, என்னை அனுப்பிருவாங்களாட்ட இருக்குது"ன்னா. அழுகலை. அழுதிருந்தாக் கூடத் தேவலைன்னு இருந்துச்சு.

"இரு சாமி, நான் ரயிலேறி வாரேன். எம்புள்ளையத் திருடின்னு எவ சொல்றது?"ன்னு கத்துனேன்.

"நீங்க வந்தா இன்னுங் கெட்டுப்போயிரும். சும்மா இருங்கப்பா"ன்னு போனை வெச்சுட்டா.

புதங்கெழமை விசாரணை. அன்னைக்கு நான் கொக்கியைத் தலைகீழா வெச்சுப் பத்த வெச்சுப்போட்டேன். முதலாளி திட்டுனாரு. அறுத்தெடுத்து மறுக்கா வெல்டிங் வெச்சேன்.

சாயங்காலம் போன் வந்துச்சு. மூணு ஆபீசருங்களும் அந்த மேடமும் உக்காந்துருந்தாங்களாம். புஸ்தகத்துல ஒரு பக்கத்தைப் பிரிச்சு, சொல்லுன்னுருக்காங்க. எம்புள்ள மூச்சு உடாம ஒப்பிச்சிருக்கா. நடுவால ஒரு சண்டை ஆரம்பிக்கறதுக்கு முந்துன வருசமே முடிஞ்சு போச்சுன்னும் சொல்லியிருக்கா. புஸ்தகத்துல வருசத்தைத் தப்பா அச்சடிச்சிருக்கான். இந்தக் கிறுக்கி அதையும் சேத்து மனப்பாடம் பண்ணியிருக்கா! ஆபீசருங்களே சிரிச்சுட்டாங்களாம். காப்பி இல்லைன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டாங்க.

மேடம் எந்திரிச்சு, "நான் தப்பா நெனச்சுட்டேன், மன்னிச்சுக்க"ன்னாங்களாம், அத்தனை பேரு முன்னால. அவங்களைத் திட்டுன என் வாயக் கழுவோணும்.

ஆனா மார்க் குடுக்கலை. "மறு பரிச்சை வெக்கறேன். இந்தத் தடவை நீ என்ன நெனைக்கறயோ அதை எழுது"ன்னுட்டாங்க. அதுலயும் தோத்தா ஆறு மாசம் கீழ எறக்கி, இளைய பேட்ச்சோட போட்டுருவாங்க.

"நான் என்ன நெனைக்கறேன்னே எனக்குத் தெரியலியேப்பா"ன்னு அப்பத்தான் அழுதா.

எனக்குச் சுருக்குன்னுச்சுங்க. பெத்து வளத்துன இத்தனை வருசத்துல ஒரு நாளாச்சும் அவளை நான் அதைக் கேட்டிருக்கேனா?

மறு பரிச்சைக்கு இருந்த பத்து நாளும் சாயங்காலம் அரைமணி நேரம் அந்த மேடம் இவகூட உக்காந்துருக்காங்க. புஸ்தகத்தை மூடி வெச்சுட்டு, பேசுன்னு சொல்லுவாங்களாம். மொத ரெண்டு நாள் இவ புஸ்தகத்துல இருக்கறதையே ஒப்பிச்சிருக்கா. மூணாம் நாள் அவங்ககூட வாதாடியிருக்கா. அவங்களுக்கு ஒரே சந்தோசமாம். அவங்க பாசை எனக்குத் தெரியாது, மூஞ்சியும் பாத்ததில்லை. எங்க இருந்தாலும் அந்தம்மா நல்லா இருக்கோணுமுங்க. பெத்தவன் செய்யாததைச் செஞ்சாங்க.

முடிவு வந்தன்னைக்குப் பட்டறைக்கே போன் போட்டா. "பாஸாயிட்டேம்ப்பா. நாப்பத்தொண்ணு. புஸ்தகத்துல இருக்கறது ஒரு எடத்துல தப்புன்னு கூட எழுதுனேன்"ன்னா.

பன்னண்டாவதுல அறுநூத்துக்கு ஐநூத்தித் தொண்ணூத்தாறு வாங்கிட்டு வந்து நின்னவகிட்ட, மீதி நாலு எங்க போச்சுன்னு கேட்டவன் நான். அன்னைக்குப் பட்டறையில அத்தனை பேருக்கும் டீயும் போண்டாவும் சொன்னேன். என்ன விசேசம்னாரு முதலாளி.

"எம்புள்ள நாப்பத்தொண்ணு மார்க் வாங்கியிருக்குதுங்க."

"எத்தனைக்கு?"ன்னாரு.

"நூத்துக்குத்தானுங்க"ன்னு பட்டறைக்கே கேக்கற மாதிரி சொன்னேன்.