பதினோரு போரும் ஒரு மாணவர் அட்டையும்

என் மோட்டார் கடையில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், நீலக் கயிற்றில் ஓர் அட்டை தொங்குகிறது. நரைத்த மீசையோடு என் படம். படத்துக்குக் கீழே ‘மாணவர்’ என்று அச்சடித்திருக்கும். மேடையேற்றி எனக்குக் கொடுத்த கேடயங்கள் எல்லாம் பரணில் கிடக்கின்றன. இந்த அட்டையை மட்டும் ஆயுத பூஜையன்று நானே துடைத்துப் பொட்டு வைக்கிறேன். அறுபத்தொரு வயதில் அதை வாங்கப் போன முதல் நாள், கல்லூரி வாசலில் காவலாளி எழுந்து நின்று, “ஏனுங்க, பேரன் எந்த டிபார்ட்மெண்டுங்க?” என்று மரியாதையாகக் கேட்டார். “பேரன் இல்லீங்க, நாந்தானுங்க படிக்கோணும்” என்றேன். மனிதர் திரும்ப உட்கார மறந்துவிட்டார்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் காரமடையிலிருந்து அன்னூர் வரை எந்தத் தோட்டத்துப் போர்வெல் எத்தனை அடி, எத்தனையாவது அடியில் மோட்டார் தொங்குகிறது, என்ன குதிரைத்திறன் என்பதெல்லாம் என் தலைக்குள் இருந்தது. மோட்டார் ஓடவில்லை என்று போன் வந்தால், பேரைக் கேட்ட மாத்திரத்தில் வண்டியில் இன்னின்ன சாமான் ஏற்று என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். அப்படிப்பட்டவன் ஒருநாள் தவறினேன். எழுநூறு அடிப் போருக்கு நானூறு அடிக்கு வேண்டிய சாமானோடு ஆட்களை அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் அந்த மனிதரின் வாழை தண்ணீரில்லாமல் நின்றது. அன்றைக்கே முடிவு செய்தேன்: தலையில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் இறக்கிவிட வேண்டும், எந்தத் தோட்டத்தில் நின்றாலும் போனில் எடுத்துப் பார்க்க வேண்டும். காந்திபுரத்தில் யாரிடமாவது சொன்னால் செய்து கொடுப்பார்கள் என்றார்கள். அடுத்தவன் செய்துகொடுத்த பொருள் பழுதானால் அடுத்தவன் வாசலில்தானே நிற்க வேண்டும்? என் மோட்டாரை நானே பிரித்துப் பழகியவன் நான். இதையும் நானே செய்வது என்று கிளம்பினேன்.

டேட்டாபேஸ் வைத்து வலைத்தளம் செய்வதற்கு, வெளியாட்களுக்கென்று ஆறு மாதச் சனிக்கிழமை வகுப்பு அந்தக் கல்லூரியில் நடந்தது. பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும் என்றது விண்ணப்பம். துறைத் தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அதை என் கையிலிருந்து வாங்கியவர், அந்தச் சனிக்கிழமை வகுப்பை எடுக்கும் லேப் மேடம். முப்பது வயது இருக்கும். கிணறு வெட்டும் கூலி வேலைக்குப் போன அப்பாவுக்குப் பிறந்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்தவர் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். “நான் பொறுப்புங்க சார்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். “வெளியிலிருந்து வர்ற தேர்வாளர் முன்னால இவரு முழிச்சாருன்னா, அடுத்த வருசம் இந்த வகுப்பு உங்களுக்கு இல்லீங்க மேடம்” என்றார் தலைவர், என் காது கேட்கவே. இருக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், மோட்டார் பெயர்த்தகட்டில் இருக்கும் எழுத்துகள்தான். அதை வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினேன். பக்கத்து நாற்காலிப் பையன்கள் என்னைத் தாத்தாவாக்கி, “அப்பாரு, கரண்ட் போறதுக்குள்ள ஒரு வரியாச்சும் முடிச்சுபோடுங்க” என்று கிண்டல் செய்வார்கள். முதல் முறை திரை நிறையச் சிவப்பு எழுத்து வந்தபோது கையை எடுத்துவிட்டேன். மேடம் குனிந்து பார்த்துவிட்டு, “அது உங்களைத் திட்டறதில்லீங்க ஐயா. பழுது எந்த எடத்துலன்னு சொல்லுது” என்றார். அவ்வளவுதான், பயம் போயிற்று. பழுதைக் கண்டு பயந்திருந்தால் நான் தொழிலுக்கே வந்திருக்க முடியுமா?

ஆனால் பெரிய தப்பை நான் செய்தது யோசித்துத்தான், கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து. ஒரு விவசாயிக்கு ஒரு வரிசை. அதில் போர் ஒன்று, போர் இரண்டு, போர் மூன்று, போர் நான்கு என்று பக்கவாட்டில் நான்கு கட்டம். நான்குக்கு மேல் எவன் போடுவான் என்று கணக்கு. என் மச்சானிடம் போனில் காட்டினேன். தண்ணீர் தேடித் தேடித் தோட்டம் முழுக்கத் துளைத்தவர் அவர். “ஏனுங் மாப்ளே, எனக்குப் பதினொண்ணு இருக்குதுங்களே, மிச்சம் ஏழு போரையும் உங்க ஊட்டுத் தோட்டத்துலயா கொண்டுபோய் வெக்கறது?” என்றார். அடுத்த சனிக்கிழமை, கட்டத்தைப் பதினைந்தாக்கித் தரச் சொல்லி மேடத்திடம் நின்றேன். அவர் சிரிக்கவில்லை. “அடுத்த வருசம் பதினாறாவது போட்டார்னா? அண்ணன் தம்பி பாகம் பிரிச்சு, பாதிப் போர் தம்பிக்குப் போச்சுன்னா?” என்று கேட்டார். ஆள் மாறுவான், குழி இடம் மாறாது. நாற்பது வருடம் அதே குழிகளில் கயிறு இறக்கியவனுக்கு அது தோன்றவில்லை பாருங்கள். ஆட்களுக்கு ஒரு டேபிள், அதாவது அட்டவணை; போர்களுக்கு ஒரு டேபிள். ஒவ்வொரு போருக்கும் ஆட்களின் எண்ணோடு கலக்காத ஓர் எண், பக்கத்தில் அது யாருடையது என்று அந்த ஆளின் எண். மூன்று மாத வேலையை முழுக்க அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன்.

தேர்வன்று வந்த தேர்வாளர் என் பக்கங்களைப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குதுங்க. யாரு செஞ்சு கொடுத்தது, பையனுங்களா?” என்றார். அறையே சிரித்தது. துறைத் தலைவர் மேடத்தைப் பார்த்தார். எனக்குக் கோபம் சுருக்கென்று ஏறிவிட்டது. “எந்த வரியை வேணும்னாலும் அழிச்சுபோடுங்க. நான் திரும்ப எழுதறேனுங்க” என்றேன். அவர் இரக்கமே பார்க்காமல், ஒரு விவசாயியின் போர்களை எடுத்துவரும் வரிகளைத் துடைத்துவிட்டார். மேடம் ஓரடி முன்னே வந்தார். “நில்லுங்க மேடம்” என்றார் தலைவர். ஒற்றை விரலால் எழுதி முடித்தேன். மச்சான் பெயர் வந்தது. கீழே ஒரு போர்கூட வரவில்லை. யாரோ “ஐயோ அப்பாரு” என்றான்.

மோட்டார் ஓடாவிட்டால் எடுத்த எடுப்பில் மோட்டாரைத் தூக்குகிறவன் முட்டாள். முதலில் கம்பத்தில் கரண்ட், அப்புறம் ஸ்டார்ட்டர், அப்புறம் கேபிள். அதே வழியில் வந்தேன். பெயர் வந்திருப்பதால் டேட்டாபேஸோடு இணைப்பு சரி. ஆட்கள் டேபிள் சரி. அப்படியானால் பழுது இரண்டு டேபிளையும் சேர்க்கும் இடத்தில்தான். பார்த்தேன்: மச்சானின் எண்ணை, போர் டேபிளில் எழுதியிருக்கும் ஆளின் எண்ணோடு பொருத்துவதற்குப் பதில், போரின் சொந்த எண்ணோடு பொருத்தியிருந்தேன். ஒரு சொல்லை மாற்றித் தட்டினேன். மச்சானின் பதினோரு போரும் ஆழத்தோடு, குதிரைத்திறனோடு, ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. கிண்டல் செய்த பையன்கள்தான் முதலில் கை தட்டினார்கள். தேர்வாளர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இன்றைக்குப் பொள்ளாச்சிப் பக்கத்து மோட்டார்க்காரர்கள்கூட என் வலைத்தளத்தைத்தான் திறக்கிறார்கள். ஆயிரக்கணக்கான போர்கள் அதில் இருக்கின்றன. அன்றிலிருந்து ஒரு தடவையும் என் வண்டி குறைந்த சாமானோடு போனதில்லை. மேடத்தின் சனிக்கிழமை வகுப்பும் நிற்கவில்லை. இப்போது துறைத் தலைவர் நாற்காலியில் இருப்பவரே அவர்தான். இந்த வருடம் மாணவர்களின் வேலைகளைப் பார்வையிட என்னை அழைத்திருந்தார்கள். வாசலில் அதே காவலாளி, ‘சிறப்பு விருந்தினர்’ என்று தங்க எழுத்துப் போட்ட அட்டையை நீட்டினார். நான் கடையிலிருந்து கழற்றிக்கொண்டு போயிருந்த நீலக் கயிற்றை எடுத்து மாட்டினேன். “ஐயா, அது செல்லாதுங்க, தேதி முடிஞ்சுபோச்சுங்க” என்று அவர் தயங்கினார்.

என்னை அழைத்துப் போக வந்த மேடம் அதைக் கேட்டுவிட்டார். “உடுங்கண்ணா, அவரு என்னோட ஸ்டூடண்டு” என்றார்.

தங்க எழுத்து அட்டையை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கழுத்துக் கயிற்றை நேராக்கிக்கொண்டு, உள்ளே நடந்தேன்.