புதுசு வரட்டும்

இன்று காலையும் கைப்பேசியில் அந்த அறிவிப்பு வந்தது. குறிப்பு எழுதும் செயலியின் புதிய பதிப்பு விரைவில் வருமாம். வந்தால், விரலால் கிறுக்கிய தமிழைக்கூடத் தேடி எடுத்துக் கொடுக்குமாம். மூன்று மாதமாக அதற்காகக் காத்திருக்கிறேன். எழுத வேண்டியவை மண்டைக்குள் கிடக்கின்றன. 'விரைவில்' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் காஜா பேராங் ஊர் மண்டோரின் சட்டைப் பைதான் நினைவுக்கு வருகிறது.

சாலை போடும் எங்கள் குத்தகை ஆட்களுக்கு அவர்தான் மேற்பார்வை. நாலாம் வகுப்போடு படிப்பை விட்டு, ரப்பர்த் தோட்டம் தோட்டமாகச் சுற்றி, எங்கும் நிலைக்காமல் அவரிடம் வந்து சேர்ந்தேன். இந்த நாட்டுச் சுதந்திரத்துக்கு இன்னும் ஐந்தாறு வருடம் இருந்தது. யார் எப்போது வேலைக்குச் சேர்ந்தான், எங்கே கால்வாய் சரிந்தது, எல்லாம் அவர் சட்டைப் பை நோட்டில் இருக்கும். வேறு பதிவு கிடையாது. ஆனால் ஒரு பெயரைத் தேட அரைமணி நேரம் பிடிக்கும். எழுத்து வாரியாக ஓரம் வெட்டிய நோட்டு அடுத்த கப்பலில் வருகிறது என்று பட்டணத்துக் கடை பாய் சொன்னாராம். அன்றோடு பழைய நோட்டை மூடிவிட்டார். "புதுசு வரட்டும், அழகா ஏத்திக்கலாம்" என்று சிகரெட் அட்டைகளில் குறித்து பிஸ்கட் டின்னில் போட்டுவந்தார்.

சனிக்கிழமைதோறும் சைக்கிளில் கடைக்குப் போவார். நானும் சில முறை கூடப் போயிருக்கிறேன்.

"வந்துச்சா பாய்?"

"வந்திருக்கு மண்டோரே. பென்சில் சொருக வளையம்கூட இருக்கு."

"ஓரம் வெட்டியிருக்கா?"

"அது அடுத்ததுல லா."

"அப்ப அடுத்ததே எடுத்துக்கிறேன்."

இப்படியே வருடங்கள் போயின. மண்டோர் நோட்டு வாங்குவதற்குள் வெள்ளைக்காரனே போய்விடுவான் என்று கேலி செய்தோம். போயும்விட்டான்.

சுதந்திரம் வந்ததும் எல்லாரும் குடியுரிமைக்கு மனுப்போட்டார்கள். நான் இத்தனை வருடம் இங்கேயே இருந்தேன் என்று காட்ட வேண்டும். பிறப்புப் பத்திரம் இல்லை. விட்டு வந்த தோட்டங்களில் என் பெயரும் இல்லை. மண்டோர் பழைய நோட்டைத் திறந்தார். கடைசி வரி, 'இனிப் புதுப் புத்தகத்தில்.' நான் வேலைக்கு வந்தது அதற்கு அடுத்த திங்கட்கிழமை.

டின்னைத் தேடி வீட்டுக்கு ஓடினோம். "அந்தக் குப்பையா? விறகெல்லாம் ஈரம். அடுப்புப் பத்த வெச்சிட்டேனே" என்றார் அவர் மனைவி.

"பழைய தேதி போட்டு இதுலயே எழுதிடுங்க மண்டோரே. யாருக்குத் தெரியப் போவுது?" என்று கெஞ்சினேன். பென்சிலை நாக்கில் தொட்டுக் குனிந்தார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"ஒரு பொய்ய எழுதுனா மேல இருக்கிறதெல்லாம் பொய்யாயிடும்டா. மத்தவனுங்க பேரும் இதுலதான் இருக்கு."

வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுக் கிளம்பினேன். பக்கத்து ஊரான புக்கிட் பாரு வரை நடந்தபின்தான் உறைத்தது. எங்கே போனாலும் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்துதான்; இங்கேயாவது எழுதி வைக்க ஓர் ஆள் உண்டு. திரும்பி நடந்தேன்.

மறுநாள் காலை மண்டோர் ஒரு பள்ளிக்கூட நோட்டோடு நின்றார். ஓரம் வெட்டாத, மலிவான நோட்டு. முதல் வரியில் என் பெயரும் அன்றைய தேதியும் இருந்தன. "கையெழுத்துப் போடு. ஓடிப்போயிடாதடா, ஓடினா மறுபடி மொதல்லேர்ந்து" என்றார். பிறகு ஒரு திங்கட்கிழமைகூட என் பெயரை எழுத அவர் தவறவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஓர் இடத்தில் நிலைத்தது அந்த நோட்டுக்காகத்தான். குடியுரிமை கிடைக்கும்வரை, அது இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான். சிவப்பு அட்டைக்காரனுக்குச் சில வேலைகள் கிடைக்காது, அவ்வளவுதான். வருடங்கள் கழித்து நான்கு நோட்டுகளைச் சுமந்துகொண்டு மண்டோரே என்னோடு வந்து சாட்சி சொன்னார். குடிமக்களுக்கான நீல அட்டை கிடைத்தது. வரும் வழியில் பாய் கடையில் ஓரம் வெட்டிய நோட்டுகள் அடுக்கியிருந்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னமும் 'விரைவில்' என்றே காட்டுகிறது கைப்பேசி. பழைய பதிப்பையே திறந்து மண்டோரைப் பற்றி இதை எழுதினேன். நடந்தது எப்போதோ. மேலே இன்றைய தேதியைத்தான் போட்டேன்.